மணலில் நீரைச் சேமிக்கும் அணைகள்

அணையில் மணல் நிரம்பிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்பார்கள். கென்யாவின் கித்துயி, மச்சாகோஸ், மக்குவேனி வட்டாரங்களிலோ, மணல் நிரம்பிய பிறகுதான் அணைக்கு ஆயுளே தொடங்குகிறது. இவற்றுக்கு ‘மணல் அணைகள்’ என்று பெயர்.

வறண்ட இவ்வட்டாரங்களில் மார்ச் முதல் மே வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழைக்காலம். மழை பெய்தால் ஆற்றில் வெள்ளம் புரண்டோடும். பிறகு வெறும் மணற்படுகைதான் மிஞ்சும். கோடையில் தண்ணீருக்காகப் பல கிலோமீட்டர் நடப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமியருமே.

மணல் அணை இதற்கு எப்படி உதவுகிறது? படுகைக்கு அடியில் பாறை இருக்கும் இடமாகப் பார்த்து, ஆற்றின் குறுக்கே சில மீட்டர் உயரத்திற்குக் கல்லும் சிமெண்டும் கொண்டு சுவர் எழுப்புகிறார்கள். வெள்ளம் அடித்து வரும் கனமான மணல் சுவருக்குப் பின்னால் படிகிறது. இலேசான சேறு நீரோடு சுவரைத் தாண்டிப் போய்விடுகிறது. சில மழைக்காலங்களில் சுவரின் விளிம்பு வரை மணல் சேர்ந்துவிடும்.

மணல் துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில்தான் நீர் தங்குகிறது. ஒரு கன மீட்டர் பருமணலிலிருந்து சுமார் 250 லிட்டர் நீர் எடுக்கலாம். மேல்மணல் வெயிலைத் தடுப்பதால், நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கியதும் நீர் ஆவியாவது பெரிதும் குறைகிறது. கொசு முட்டையிடத் தேங்கிய நீரும் இல்லை. மணலே வடிகட்டியாகவும் செயல்படுகிறது. சுவரில் பதித்த குழாய் அல்லது கரையோரக் கிணற்றின் கைப்பம்பு வழியாக மக்கள் நீரைப் பெறுகிறார்கள்.

ஆனால் எல்லா ஆறுகளுக்கும் இது பொருந்தாது. பருமணலுக்குப் பதில் களிமண் படிந்தால் நீர் உள்ளே சிக்கிக்கொள்ளும்; கையில் கிடைப்பது சொற்பமே. அடிப்பாறையில் வெடிப்பு இருந்தால் சேர்ந்த நீர் கசிந்து ஓடிவிடும். எனவேதான் சில அணைகளை ஒரே மூச்சில் எழுப்பாமல், மழைக்காலத்துக்கு ஒரு படியாக உயர்த்துகிறார்கள். வெள்ளத்தின் வேகம் குறையாமல் இருந்தால் சேறு தங்காது. சரிவான நிலங்களில் வரப்பு கட்டி, மண் அரித்து வராமலும் தடுக்கிறார்கள்.

கல் சுமப்பதும் மணல் அள்ளுவதும் ஊர் மக்களே. கம்பா இனத்தவரிடம் ‘முவேத்யா’ என்ற கூட்டுழைப்பு மரபு உண்டு. இடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அந்த உழைப்பெல்லாம் வீண். ஆகவே சுவர் எழுப்புமுன் படுகையைத் தோண்டி, மணலின் தன்மையையும் பாறையின் உறுதியையும் சோதிப்பதே இத்திட்டத்தின் முதல் வேலை.