முதலில் ஏறுவது யார்?

புது தில்லி: தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தின் மூன்றாவது முனையம். அதிகாலை நேரம். மும்பை செல்லும் விமானத்துக்கான வாயிலில் இன்னும் அறிவிப்பு வரவில்லை. ஆனால், வரிசை உருவாகிவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் உள்ள போர்டிங் பாஸில் இருக்கை எண் அச்சிடப்பட்டிருக்கிறது. முதலில் ஏறினாலும் கடைசியில் ஏறினாலும் அந்த இருக்கை மாறப்போவதில்லை. விமானம் புறப்படும் நேரமும் மாறப்போவதில்லை. ஆயினும், நாற்காலியில் அமர்ந்து காத்திருப்பவர்களைவிட எழுந்து நிற்பவர்களே அதிகம்.

அறிவிப்பு வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. ஒருபுறம் 'முன்னுரிமை' என்ற பலகை. மறுபுறம் பொது வரிசை. முன்னுரிமைப் பலகையின் கீழ் உயர்வகுப்புப் பயணிகள், அடிக்கடி பறப்போர் திட்டத்தின் உறுப்பினர்கள், கூடுதல் கட்டணம் செலுத்தியவர்கள், கைக்குழந்தையுடன் வந்த பெண்கள், முதியோர் எனப் பலரும் நிற்கின்றனர். சில வேளைகளில், எந்த வரிசையிலும் நிற்காமல் அலுவலர் ஒருவர் முன்னே வர, நேராக உள்ளே செல்பவர்களும் உண்டு.

தேவை, பதவி, பணம் ஆகிய மூன்றும் இந்தச் சிறிய வாயிலில் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. இவற்றில் எது முதலில் உள்ளே செல்கிறது என்பது, பார்வைக்கு அற்பமாகத் தோன்றினாலும், குடிமக்களை ஓர் அமைப்பு எப்படி மதிக்கிறது என்பதைக் காட்டும் கேள்வியாகும்.

அவசரத்தின் காரணம்

இருக்கை உறுதியாக இருக்கும்போது பயணிகள் ஏன் முந்துகின்றனர்? தலைக்கு மேலுள்ள பெட்டி வைக்கும் இடமே இதற்கு முக்கியக் காரணம். சாதாரண வகுப்புப் பயணி பொதுவாக 7 கிலோ எடையுள்ள ஒரு கைப்பையை உடன் எடுத்துச் செல்லலாம். 180 இருக்கைகள் கொண்ட விமானம் நிரம்பிவிட்டால், கடைசியாக ஏறுபவரின் பைக்கு மேலே இடம் கிடைப்பது அரிது. அது நாலைந்து வரிசை தள்ளி வைக்கப்படும். அல்லது சரக்குப் பகுதிக்கு அனுப்பப்படும்.

விமான நிறுவனங்களுக்கு வேறு ஓர் அவசரம். தரையில் நிற்கும் விமானம் வருவாய் தருவதில்லை. குறைந்த கட்டண நிறுவனங்கள், வந்து இறங்கிய விமானத்தை அரை மணி நேரத்துக்குள் மீண்டும் பறக்கவைக்க முயல்கின்றன. அதற்குள் பயணிகளை இறக்கி, துப்புரவு செய்து, எரிபொருள் நிரப்பி, அடுத்த பயணிகளை ஏற்றியாக வேண்டும். புறப்பாட்டுக்கு 20 முதல் 25 நிமிடங்களுக்கு முன்பே வாயில் மூடப்படுவதும் இதனால்தான்.

அறிவியல் சொல்வது வேறு

விரைவாக ஏற்றுவதுதான் நோக்கம் என்றால், அதற்கு வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜேசன் ஸ்டெஃபன் 2008-இல் இதுகுறித்த ஆய்வை வெளியிட்டார். பின்வரிசையினரை மொத்தமாக முதலில் அழைப்பது பயன் தராது. அவர்கள் அனைவரும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பைகளை ஏற்ற, மற்றவர்கள் நடைவழியில் காத்து நிற்க நேரும் என்பது அவரது முடிவு. ஜன்னலோரப் பயணிகளை முதலில், அதுவும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக அழைத்தால், பலர் ஒரே நேரத்தில் பைகளை வைத்துவிட்டு அமர முடியும். மாதிரி விமானம் ஒன்றில் 72 பேரைக் கொண்டு பின்னர் நடத்தப்பட்ட சோதனையில், பகுதி பகுதியாக அழைக்கும் முறைக்குத் தேவைப்பட்டதில் ஏறக்குறைய பாதி நேரமே இதற்குத் தேவைப்பட்டது.

இருந்தும் இந்த முறையை விமான நிறுவனங்கள் அப்படியே ஏற்கவில்லை. ஒரே குடும்பத்தினரைப் பிரித்து அழைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது ஒரு காரணம். மற்றொன்று, முதலில் ஏறும் உரிமை விற்பனைப் பொருளாகிவிட்டது என்பது. உயர் கட்டணம் செலுத்தியவரை, அவரது இருக்கை எங்கிருந்தாலும், முதலில் ஏற்ற வேண்டியிருக்கிறது. வேகத்தைவிட வருவாய்க்கு இங்கே மதிப்பு அதிகம்.

விற்பனைக்கு வந்த முதல் படி

இந்தியாவில் நிலைமை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2003-இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான் நிறுவனத்தின் விமானங்களில் இருக்கை எண்ணே இல்லாத காலம் ஒன்று இருந்தது. பேருந்தில் இடம் பிடிப்பதுபோல, முதலில் ஏறியவர் விரும்பிய இடத்தில் அமரலாம். அங்கே முந்துபவர் முதல்வர். பணத்துக்கோ பதவிக்கோ தனிச் சலுகை இல்லை. ஆனால், ஓட முடியாத முதியவருக்கும் அங்கே சலுகை இல்லை.

பின்னர் ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ போன்ற நிறுவனங்கள் 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் வந்தன. அடிப்படைக் கட்டணத்திலிருந்து பிற சேவைகளைப் பிரித்துத் தனித்தனியே விலை வைக்க விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அனுமதி அளித்தது. விருப்ப இருக்கை, உணவு, ஓய்வறை எனப் பலவும் தனிக் கட்டணத்துக்கு உரியவை ஆயின. 2021-இல் கைப்பை மட்டும் கொண்டுவரும் பயணிகளுக்குக் குறைந்த கட்டணம் அளிக்கவும் வழி செய்யப்பட்டது. முன்னுரிமை வரிசையும் இந்த விலைப்பட்டியலில் சேர்ந்துகொண்டது.

இதில் ஒரு முரண் உண்டு. விமானம் முனையத்தோடு இணைக்கப்படாமல் தொலைவில் நிறுத்தப்பட்டிருந்தால், பயணிகள் பேருந்தில் அழைத்துச் செல்லப்படுகின்றனர். வாயிலில் முன்னுரிமை பெற்று முதலில் பேருந்தில் ஏறியவர், உள்ளே தள்ளப்பட்டுக் கடைசியாக இறங்குகிறார். கடைசியாக ஏறி, கதவோரம் நின்றவர் முதலில் படியேறுகிறார். காசு கொடுத்து வாங்கிய முன்னுரிமை சில நூறு மீட்டர் தூரத்தில் கரைந்துபோகிறது.

பதவியின் வரிசை

பணத்துக்கு முன்பே விமான நிலையங்களில் கோலோச்சியது பதவி. ஏறும் முன் நடைபெறும் பாதுகாப்புச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர்களின் பட்டியல் விமான நிலையங்களில் பலகையாகவே வைக்கப்பட்டிருந்தது. குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர்கள், முதல்வர்கள், நீதிபதிகள் என்று நீண்ட அப்பட்டியலில், எந்த அரசுப் பதவியும் வகிக்காத ராபர்ட் வதேராவின் பெயரும் இடம்பெற்றிருந்தது பெரும் சர்ச்சைக்கு உள்ளானது. 2015 செப்டம்பரில் அப்பெயர் நீக்கப்பட்டது.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்த விலக்குப் பட்டியலில் இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்களுக்கு ஆண்டுக்கு 34 ஒருவழி விமானப் பயணங்கள் உண்டு. விமான நிலையங்களில் அவர்களுக்கு உரிய மரியாதையும் வசதிகளும் அளிக்கப்பட வேண்டும் என்று அமைச்சகம் அறிவுறுத்தியும் வந்திருக்கிறது. மரியாதை எங்கே முடிகிறது, அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல்.

2015 ஜூனில் லே நகரிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா விமானத்தில், மத்திய இணை அமைச்சர் கிரண் ரிஜிஜு உள்ளிட்டோருக்கு இடமளிப்பதற்காக, குழந்தை உள்பட 3 பயணிகள் இறக்கிவிடப்பட்டதாகச் செய்தி வெளியானது. பயணிகள் இறக்கிவிடப்பட்டது தமக்குத் தெரியாது என்று கூறிய ரிஜிஜு மன்னிப்புக் கோரினார். அப்போதைய விமானப் போக்குவரத்து அமைச்சர் அசோக் கஜபதி ராஜுவும் வருத்தம் தெரிவித்தார்.

2017 மார்ச்சில், புணேயிலிருந்து தில்லி வந்த விமானத்தில் உயர்வகுப்பு இல்லை என்பதால் ஆத்திரமடைந்த சிவசேனை எம்.பி. ரவீந்திர கெய்க்வாட், ஏர் இந்தியா அதிகாரியைச் செருப்பால் அடித்தார். விமான நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து அவரை ஏற்ற மறுத்தன. அவர் வருத்தம் தெரிவித்து அமைச்சருக்குக் கடிதம் எழுதிய பிறகே தடை விலகியது. அவ்வாண்டு செப்டம்பரில், ஒழுங்கீனமாக நடந்துகொள்ளும் பயணிகளுக்கு 3 மாதம் முதல் 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ பறக்கத் தடை விதிக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளில் எம்.பி. என்றும் சாதாரணப் பயணி என்றும் வேறுபாடு இல்லை.

இதற்கு நேர்மாறான காட்சியும் தில்லி விமான நிலையத்திலேயே நிகழ்ந்தது. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவார்க் நகருக்குச் செல்லவிருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமை, கான்டினென்டல் விமான நிறுவன ஊழியர்கள் சோதனையிட்டனர். விலக்குப் பட்டியலில் இடம்பெற்றிருந்த அவர், எந்த எதிர்ப்பும் தெரிவிக்காமல் சோதனைக்கு உடன்பட்டார். வெளியே சென்று புகார் கூறவும் இல்லை. மூன்று மாதங்கள் கழித்துச் செய்தி வெளியாகி, மாநிலங்களவையில் கொந்தளிப்பு ஏற்பட்ட பின்னரே நிறுவனம் மன்னிப்புக் கோரியது. பட்டியலை வகுத்தவர்கள் கோபப்பட்டனர். பட்டியலில் இருந்தவர் கோபப்படவில்லை.

2022 ஜனவரியில் ஏர் இந்தியா, டாடா குழுமத்தின் வசம் சென்றது. அரசுக்குச் சொந்தமான பெரிய விமான நிறுவனம் இல்லாத நிலையில், வாயிலில் பதவியின் செல்வாக்கு முன்போல் இல்லை. அது விட்டுச் சென்ற இடத்தில் பணம் வந்து நிற்கிறது.

தேவை எங்கே நிற்கிறது?

உண்மையில், முதலில் ஏற்றப்பட வேண்டியவர்கள் மாற்றுத்திறனாளிகளும் நடக்க இயலாத முதியோருமே. இது கருணையால் மட்டும் ஏற்பட்ட ஏற்பாடு அன்று. குறுகிய நடைவழியில் சக்கர நாற்காலிப் பயணியை இருக்கைக்கு மாற்றச் சற்று நேரம் ஆகும். விமானம் காலியாக இருக்கும்போது அதைச் செய்வது எளிது. கூட்டம் ஏறிய பின் செய்வது அந்தப் பயணிக்கு அவமானமாகவும் மற்றவர்களுக்குத் தாமதமாகவும் முடியும்.

இந்த உரிமை நீதிமன்றம்வரை சென்று நிலைநாட்டப்பட வேண்டியிருந்தது. மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளி உரிமை ஆர்வலரான ஜீஜா கோஷ், 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து கோவாவில் நடைபெறவிருந்த மாநாட்டுக்குப் புறப்பட்டார். ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி இருக்கையில் அமர்ந்த பின்னர், அவர் இறக்கிவிடப்பட்டார். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு ரூ. 10 லட்சம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தேவை இரக்கம் அல்ல, கண்ணியத்துடன் வாழும் உரிமை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஆனாலும், 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை இண்டிகோ நிறுவனம் ஏற்ற மறுத்தது. நிறுவனத்துக்கு ரூ. 5 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டது. அதன்பின், விமான நிலைய மருத்துவரின் கருத்தைப் பெறாமல், உடல்நிலையைக் காரணம் காட்டி எவரையும் ஏற்ற மறுக்கக் கூடாது என்று விதி திருத்தப்பட்டது.

2024 பிப்ரவரி 12-ஆம் தேதி நிகழ்ந்தது இன்னும் துயரமானது. நியூயார்க்கிலிருந்து மும்பை வந்து இறங்கிய, 80 வயதான பயணிக்குச் சக்கர நாற்காலி உடனே கிடைக்கவில்லை. மனைவிக்குக் கிடைத்த நாற்காலியின் உடன் நடந்து சென்ற அவர், குடியேற்றச் சோதனைப் பகுதியில் மயங்கி விழுந்து உயிரிழந்தார். நாற்காலிகளுக்குத் தேவை மிகுந்திருந்ததால் காத்திருக்கும்படி அவரிடம் கூறியதாக ஏர் இந்தியா விளக்கம் அளித்தது. தலைமை இயக்குநரகம் ரூ. 30 லட்சம் அபராதம் விதித்தது.

சக்கர நாற்காலிக்கான தேவை பெருகியிருப்பது உண்மையே. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளைக் காணத் தனியே செல்லும் முதிய பெற்றோர் பலர், நடக்க முடிந்தவர்களாக இருந்தும் நாற்காலி கேட்கின்றனர். ஆங்கிலம் தெரியாத அவர்களுக்கு, பரந்து விரிந்த முனையங்களில் நாற்காலியைத் தள்ளி வரும் ஊழியரே வழித்துணை. இதைச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவதாகக் கருதுவோர் உண்டு. ஆனால், வழிகாட்ட ஓர் ஆளை அமர்த்தினால் தீரக்கூடிய தேவை, நாற்காலிக் கணக்கில் சேர்ந்து, நடக்கவே இயலாதவரின் வாய்ப்பைப் பறிக்கிறது என்பதே சிக்கலின் வேர்.

விதிகள் தெளிவாகவே உள்ளன. உதவி தேவைப்படுவோர் 48 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும். அந்த உதவிக்கு விமான நிறுவனம் கட்டணம் வசூலிக்கக் கூடாது. நடைமுறையில் நாற்காலியைத் தள்ளும் ஊழியர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒருவரே இரண்டு நாற்காலிகளைத் தள்ளி வரும் காட்சியையும் முனையங்களில் காணலாம். அவர் வந்து சேர்வதற்குள் முன்னுரிமை வரிசை உள்ளே சென்றுவிடுகிறது. சட்டப்படி முதலில் இருக்க வேண்டியவர், கூட்டம் நிறைந்த நடைவழியில், எல்லோர் பார்வையும் தன்மேல் விழ, கடைசியாக ஏற்றப்படுகிறார்.

இதைச் சீர்செய்யப் புதிய சட்டம் தேவையில்லை. முன்பதிவு செய்த உதவிப் பயணிகள் அனைவரும் அமர்ந்த பிறகே கட்டண முன்னுரிமை வரிசையைத் திறக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை விதித்தால் போதும். அப்போது, காசு கொடுத்தவர் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவாவது, நாற்காலிகளையும் ஆட்களையும் விமான நிறுவனங்கள் உரிய நேரத்தில் வாயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

கார்களின் மேல் சுழன்ற சிவப்பு விளக்குகளை மத்திய அரசு 2017 மே மாதம் அகற்றியபோது, நாட்டில் ஒவ்வொருவரும் முக்கியமானவரே என்று கூறப்பட்டது. அந்தச் சொல் விமான நிலைய வாயிலையும் எட்ட வேண்டும் என்றால், முன்னுரிமைப் பலகையின் கீழ் முதலில் நிற்க வேண்டியது அட்டை வைத்திருப்பவர் அல்லர், நிற்க முடியாதவரே.