ஆடிச் சீரும் எரிந்த பஸ்ஸும்

ராத்திரி 9 மணிக்கு பந்திப்பூர் காட்டுச் சாலையை அடைத்துவிடுவார்கள். யானையும் மானும் வண்டியில் அடிபடக் கூடாதென்று 2009-லிருந்து இந்த ஏற்பாடு. காலை 6 மணி வரை ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகிற லாரிகள் குண்டலுபேட்டைப் பக்கம் காத்துக் கிடக்கும். டிரைவர்களிடம் தமிழ், கன்னடம், மலையாளம் மூன்றும் புழங்கும், கையில் செல்போன். காவிரித் தண்ணீர்ச் சண்டை சூடாகும் மாதங்களில் அதில் மீம்கள்தான் ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நானே ஒரு மீம் கட்டிப் பார்க்கிறேன். காய்ந்த ஆற்றுமணல் படம், மேலே, "ஆடிப் பதினெட்டுக்கு அண்ணன் அனுப்பிய சீர் வந்துவிட்டது." கர்நாடகத்துக்குக் குத்தல்தான், ஆனால் சிரித்துவிட்டுப் போகலாம். அதே வரியை எரிகிற பஸ் படத்தின் மேல் ஒட்டுங்கள். சிரிப்பு வராது. காரணம் இது: 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை சூடாக இருந்தபோது கன்னட நடிகர்களைக் கேலி செய்ததாகச் சொல்லி பெங்களூருவில் ஒரு தமிழ் மாணவரை அடித்தார்கள். அந்த வீடியோ பரவியது. 12-ஆம் தேதி தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்தன.

வரியில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். வசவுச் சொற்களைத் தேடும் மென்பொருள் இதை விட்டுவிடும். படத்தை மட்டும் பார்ப்பதற்கு இது வெறும் செய்திப்படம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷம் தெரியும். 2020-ல் ஃபேஸ்புக் 10,000 மீம்களைத் தயாரித்து, வெறுப்பு மீம்களைக் கணினியால் கண்டுபிடிக்கும் போட்டி வைத்தபோது இதே உத்தியைத்தான் கையாண்டது: வரியை அப்படியே வைத்துப் படத்தை மாற்றுவது, அல்லது படத்தை வைத்து வரியை மாற்றுவது. மனிதர்கள் 84.7 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். ஃபேஸ்புக்கின் சொந்தக் கணினி 65-ஐத் தொடவில்லை. போட்டியில் வென்றதே 73.2-தான்.

தமிழுக்கு நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகத்தில் இருந்த ஷர்துல் சூர்யவன்ஷி, பாரதி ராஜா சக்கரவர்த்தி குழுவினர் 2020-ல் 2,969 தமிழ் மீம்களைத் தொகுத்து, வம்பிழுப்பவை எவை, மற்றவை எவை என்று பிரித்தார்கள். அடுத்த ஆண்டு அதை வைத்து நடந்த போட்டியில், 1 முழு மதிப்பெண் என்றால் முதலிடத்துக்கே 0.55-தான் கிடைத்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வடிவேலு முகம் வாழ்த்துக்கும் வரும், வசைக்கும் வரும். அந்த முகம் வருகிற சினிமாக் காட்சியில் அடுத்து அவர் அடி வாங்குவார் என்பது நமக்குத் தெரியும். கணினிக்கு அது ஒரு மீசைக்காரர் படம். போதாததற்கு நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். கொஞ்சம் கன்னடமும் கலந்தால் முடிந்தது கதை.

ஆகவே கணினி சந்தேகப் படங்களைப் பொறுக்கித் தரட்டும். தீர்ப்பை அதனிடம் விடக் கூடாது. மீம்களைத் தொகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காவிரி மீம்களில் எது கேலி, எது வெறுப்பு என்று குறிக்க ஆள் தேடும்போது சென்னையிலும் பெங்களூருவிலும் மட்டும் தேடாதீர்கள். எங்கள் எல்லைப் பகுதிக்கு, குண்டலுபேட்டை, தாளவாடி, கொள்ளேகால் பக்கம் வாருங்கள். இரண்டு பக்கத்துக் கேலியும் புரிகிறவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.