நம்மை அறியாமல் நாம் தரும் தீர்ப்பு



ஈப்போவை அடுத்த புந்தோங்கிலே கச்சாங் பூத்தே விற்கும் கடைகள் பல உண்டென்பது உங்களுக்குத் தெரியும். சில நாள்களுக்கு முன் அப்படி ஒரு கடையில் முறுக்கு வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இருவர். ஒருவர் வெள்ளைச் சட்டையும் சப்பாத்தும் அணிந்த இளைஞர். மற்றவர் நரைத்த தலைக்காரர். சட்டையில் பால் கறை, காலில் ரப்பர் பூட்ஸ். கடைப் பையன் இளைஞரிடம், “என்ன சார் வேணும்?” என்றான். பெரியவரிடம், “உனக்கு என்னப்பா?” என்றான். நிறுத்துக் கொடுத்ததில் இருவருக்கும் ஒரு கிராம்கூட வித்தியாசமில்லை. தராசு நேராகத்தான் நின்றது, வாய்தான் சாய்ந்துவிட்டது.

கூட்டம் குறைந்தபின் அவனிடம் மெதுவாகச் சொன்னேன். “அப்படியா சார் சொன்னேன்?” என்று திகைத்துப் போனான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை.

வேண்டுமென்றே ஒருவரைத் தாழ்த்தினால் அதற்கு ஓரவஞ்சனை என்று நம்மிடம் பெயர் உண்டு. தெரியாமலே தாழ்த்துவதை முன்முடிவு என்று சொல்லலாம். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் மனம் ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறது. காரணங்களை அதன் பிறகுதான் தேடுகிறது.

மனம் ஏன் இப்படிச் செய்கிறது? பால் வெட்டுவோர் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குகிறீர்கள். ஒவ்வொரு மரத்தின் முன்னும் நின்று யோசிப்பதில்லை. பட்டை எவ்வளவு தடிப்பு, கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பது கைக்கே தெரிந்திருக்கிறது. அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் வேலை நேரத்துக்கு முடியாது. மனமும் அப்படியே பழகியதை வைத்து வேலையைச் சுருக்கிக்கொள்கிறது. மரத்தில் அது சரிப்படும். மனிதரிடத்தில்தான் கத்தி ஆழமாக இறங்கிக் காயம் படுகிறது.

இந்தக் காயத்தை நம்மவர்கள் பட்டறிந்தவர்கள். 1927-ஆம் ஆண்டில் மலாயாவின் சில பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண் வெட்டிய பால் என்ன, தண்ணீரா? அது யாருக்கும் அநியாயமாகத் தோன்றவில்லை, வழக்கமாகத் தோன்றிற்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் அதில் இருந்தது: துரைமாரைக் கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. மரியாதைக் குறைவு எவ்வளவு ஆழமாகச் சுட்டிருந்தால் அதைக் கூலியோடு சேர்த்துக் கேட்டிருப்பார்கள்!

ஆனால் அதே காலத்துத் தோட்டங்கள் பலவற்றில், தாழ்ந்த சாதியென்று சொல்லப்பட்டவர்களுக்கு லயம் தனியாக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 1929 டிசம்பரில் மலாயா வந்த பெரியார் ஈ.வெ.ரா., ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டிலும் கலந்துகொண்டார். கடல் தாண்டி வந்தும் சாதியை ஏன் விடவில்லை என்பதே அவர் பயணத்தில் எழுப்பிய பெரிய கேள்வி. துரையின் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கக் கூசியவர், அடுத்த லயத்து வீட்டில் தண்ணீர் குடிக்கவும் கூசினார். அடிபட்டவனுக்கு அடிக்கத் தெரியாது என்று எண்ணிவிட முடியாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். தந்தை குடிப்பவர். பையன் தாமதமாக வருவான், கசங்கிய சட்டையோடு. ‘எங்கள் தோட்டத்து ஆறு’ என்ற கட்டுரைக்கு அவனுக்கு இருபதுக்கு 9 போட்டேன். கிராணி மகனுக்கு 16. அவ்வாண்டு பெயர்களைக் காகிதம் ஒட்டி மறைத்து, வேறோர் ஆசிரியையிடம் மறுபடி திருத்தக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. அவர் அந்தப் பையனுக்கு 15 போட்டிருந்தார். கிராணி மகனுக்கு 14.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். அவன் தாளில் ஒற்றுப்பிழைகளைத் தேடியிருக்கிறேன். மற்றவன் தாளில் நல்ல கருத்துகளைத் தேடியிருக்கிறேன். தேடியது இரண்டிலும் கிடைத்தது. வெள்ளத்தில் ஆட்டுக்குட்டி போனதை அந்தப் பையன் எழுதியிருந்த இடத்தை நான் சரியாகப் படிக்கவே இல்லை.

இது மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் ரோசன்தால் என்ற உளவியல் அறிஞரும், ஜேக்கப்சன் என்ற பள்ளித் தலைமையாசிரியையும் ஒரு சோதனை செய்து 1968-இல் நூலாக வெளியிட்டார்கள். ஐந்தில் ஒரு பங்கு மாணவரின் பெயர்களைக் கொடுத்து, “இவர்கள் இவ்வாண்டு நன்றாக மலர்வார்கள்” என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அப்பெயர்கள் குருட்டாம்போக்கில் எடுக்கப்பட்டவை. ஆண்டு முடிவில், கீழ்வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவரைவிட முன்னேறியிருந்தார்கள். விளைவு அவ்வளவு பெரிதல்ல என்று பின்னால் வாதிட்ட அறிஞர்களும் உண்டு. சிறிதே ஆகட்டும்; ஆறாண்டுப் படிப்பில் அது சேர்ந்துகொண்டே போகுமல்லவா?

வீட்டுக்கு வருவோம். “கறுப்பா இருந்தாலும் லட்சணமா இருக்கா” என்கிறோம். “தோட்டத்துப் பிள்ளையானாலும் நல்லாப் படிக்கிறான்” என்கிறோம். பாராட்டுத்தான், ஆனால் அந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லைச் சற்றுப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். கறுப்பு என்றால் அழகில்லை, தோட்டம் என்றால் படிப்பில்லை என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. அதைக் கேட்டு வளரும் பிள்ளை தன்னைப் பற்றியே அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளும். 1940-களில் கிளார்க் தம்பதியர் அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளின் முன் வெள்ளைப் பொம்மையும் கறுப்புப் பொம்மையும் வைத்து, நல்ல பொம்மை எது என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளையைக் காட்டினார்கள். நிறத்தால் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வையும் சுட்டிக்காட்டியது.

‘ஆனாலும்’ வாயில் வரும்போதெல்லாம் யாரைப் பற்றி வந்தது என்று ஒரு வாரம் வீட்டில் கவனித்துப் பாருங்கள். பிள்ளைகளையும் கவனிக்கச் சொல்லுங்கள், அவர்கள் விடமாட்டார்கள். இன்னொன்று, ஆளை மாற்றிப் பார்ப்பது. எச்சில் தட்டைக் கழுவ மகளைக் கூப்பிடும்போது, மகனைக் கூப்பிட்டிருப்போமா? பக்கத்து வீட்டுப் பையன் கண்ணாடியை உடைத்தபோது சொன்ன வார்த்தையை நம் அண்ணன் மகனுக்குச் சொல்லியிருப்போமா? விடை வாயில் தயாராக வந்தால் அதை நம்ப வேண்டாம்.

நல்ல எண்ணம் மட்டும் இதற்குப் போதாது என்பது என் அனுபவம். எனக்கு நல்ல எண்ணம் அப்போதும் இருந்தது. ஆகவே இப்போது பெயரை மறைத்தே தாள் திருத்துகிறேன். வகுப்பில் யாரிடம் கேள்வி கேட்டேன் என்பதைப் பெயர்ப் பட்டியலில் கோடு போட்டு வருகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தேன். முன்வரிசைக்கு இருபத்திரண்டு கோடு. கடைசி வரிசைக்கு ஐந்து. திங்கட்கிழமை கடைசி வரிசையிலிருந்துதான் தொடங்கினேன்.