கிணற்றடி மோட்டார் அறைக்கு ஏற்ற பூட்டும் தாழ்ப்பாளும்

ஏற்றமும் கவலையும் கொண்டு நீர் இறைத்த காலத்தில் கிணற்றடியில் பூட்டுக்கு வேலை இருந்ததில்லை. மாலையில் மாடுகள் வீடு திரும்பும். சாலும் வடமும் அவற்றோடு திரும்பும். இன்றோ உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரி நீர் குறையும் மாதங்களில் நவரைப் பயிரும் சொர்ணவாரிப் பயிரும் கிணற்றையும் ஆழ்குழாயையும் நம்பி நிற்கின்றன. மோட்டாரும் ஸ்டார்ட்டரும் செம்புக் கம்பியும் இரவு பகலாக ஆளில்லாத வயல்வெளியில் கிடக்கின்றன. கதிர் வெளிவரும் தருணத்தில் அவை களவு போனால், நஷ்டம் பொருளின் விலையோடு நிற்பதில்லை; புதிது வாங்கிப் பொருத்தும் வரையில் பயிர் காத்திராது.

பூட்டு என்பது கள்வனைத் தடுப்பதற்கே என்று எண்ணுவது வழக்கம். மோட்டார் அறையில் அதற்கு மூன்று வேலைகள் உண்டு. அறைக் கதவில் அது பொருளைக் காக்கிறது. ஸ்டார்ட்டர் பெட்டியில் மழை, தூசி, பல்லி ஆகியவற்றையும் சிறுவர் கைகளையும் விலக்குகிறது. மெயின் சுவிட்சில் மனித உயிரைக் காக்கிறது. இம்மூன்றுக்கும் ஒரேவகைப் பூட்டு பொருந்தாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்து தெரிந்தெடுத்தல் அவசியம்.

அறைக் கதவு

பூட்டு எவ்வளவு உயர்ந்ததாயினும், அது தொங்கும் கொண்டியும் நாதாங்கியும் பெயர்ந்துவிட்டால் பயனில்லை. மரத்தில் திருகாணி கொண்டு பொருத்திய கொண்டியை ஒரு கடப்பாரையால் நெம்பி எடுத்துவிடலாம். ஆகையால் கதவின் முழுக் கனத்தையும் ஊடுருவிச் செல்லும் போல்ட்டு ஆணிகளைப் போட்டு, உட்புறத்தில் மரையை முடுக்கிவிட வேண்டும். கொண்டியை மடித்துப் பூட்டிய பின் ஆணித் தலைகள் வெளியே தெரியாதவாறு அமைந்திருப்பது மேல். இரும்புத் தகட்டுக் கதவாயின் கொண்டியைப் பற்றவைத்துவிடலாம்.

அடுத்து கீல்களைக் கவனிக்க வேண்டும். கீலின் அச்சாணி வெளிப்புறத்தில் இருந்தால், பூட்டைத் தொடாமலே ஆணியைத் தட்டிவிட்டுக் கதவைக் கழற்றலாம். அவ்வாணியின் இரு முனைகளையும் தட்டி அகலமாக்கியோ பற்றவைத்தோ விடுதல் வேண்டும்.

மோட்டார் அறைக் கதவு வெளிப்புறமாகத் திறப்பது நன்று. உள்ளே தீயோ புகையோ உண்டானால் உள்ளிருப்பவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறலாம். ஆனால் வெளிப்புறமாகத் திறக்கும் கதவைப் புயற்காற்று எளிதில் பிடுங்கிவிடும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையருகே கரையேறிய வர்தா புயல் போன்றவற்றை இம்மாவட்டம் எதிர்பார்த்தே இருக்க வேண்டும். ஆகவே இரட்டைக் கதவாயின் நடுவிலுள்ள பூட்டை மட்டும் நம்பாது, ஒரு கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் வைத்து உத்தரத்திலும் தரையிலும் இறங்கச் செய்தல் வேண்டும். உள்ளே ஆள் இருக்கையில் வெளியே கொண்டியை மாட்டும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

பூட்டைத் தெரிந்தெடுத்தல்

நெம்புகோல் பூட்டுகளுக்கு நம் மாநிலத்தில் திண்டுக்கல் பெயர்பெற்ற ஊர். கைவேலையால் அங்கு செய்யப்படும் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மாங்காய் வடிவிலுள்ள பூட்டு மாங்காய்ப் பூட்டு என்றே வழங்குகிறது. நெம்புகோல் பூட்டினுள் மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சரியான திறவுகோல் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய அளவுக்கு உயர்த்தினால்தான் பூட்டு திறக்கும். ஒரு தகடு கூடுதலாகவோ குறைவாகவோ உயர்ந்தாலும் திறவாது. ஆதலால் நெம்புகோல்களின் எண்ணிக்கை மிகுந்த பூட்டைக் கள்ளச்சாவியால் திறப்பது கடினம்.

ஆயினும் வயல்வெளியில் கள்வன் சாவியைத் தேடுவதில்லை. வளையத்தை அறுக்கவே முயல்வான். ஆகவே கடினமாக்கப்பட்ட எஃகு வளையம் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். நாதாங்கியின் துளையை வளையம் நிரப்பி நிற்பதும், பூட்டிய பின் வெளியே தெரியும் பகுதி குறைவாக இருப்பதும் நலம். அப்பொழுது வாளோ கடப்பாரையோ புக இடமிராது.

மழையில் நனையும் இடத்துக்குப் பித்தளை உடலுள்ள பூட்டு ஏற்றது, துருப்பிடிக்காது. பூட்டு இறுகினால் தேங்காயெண்ணெய் விடுவது தவறு. அது தூசியை ஈர்த்து நாளடைவில் மேலும் இறுகச் செய்யும். பென்சிலின் கரித்தூளை அல்லது கடைகளில் விற்கும் கிராபைட் பொடியைத் திறவுகோலில் தடவிச் சிலமுறை திருப்பினால் போதும்.

ஸ்டார்ட்டர் பெட்டி

பெட்டிக் கதவுக்கு வேண்டியது இறுக்கமே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரமும், கோடையில் புழுதியும், எக்காலத்திலும் பல்லியும் எறும்பும் உட்புகும். தொடுமுனைகளின் நடுவே ஒரு பல்லி அகப்பட்டாலும் மோட்டார் கருகிப்போக இடமுண்டு.

இதற்குக் கால்சுற்றுத் தாழ் தகுந்தது. பிடியைக் கால்வட்டம் திருப்பினால் உள்ளேயுள்ள இரும்பு நாக்கு சட்டத்தின் பின்னே சென்று கதவை இழுத்துப் பிடிக்கும். கதவோரத்து ரப்பர்ப் பட்டை அமுங்கி இடைவெளியை அடைக்கும். சிறிய பெட்டிக்கு ஒரு தாழ் போதும். உயரமான பெட்டிக்கு நடுவில் மட்டும் தாழ் வைத்தால் மேலும் கீழும் தகடு வளைந்து இடைவெளி விடும். அதற்கு இரண்டு தாழ்கள், அல்லது ஒரே பிடியால் மூன்று இடத்தில் பிடிக்கும் கம்பித் தாழ் வேண்டும். முக்கோணத் தலையுள்ள சாவியால் திருப்பும் தாழாயின் சிறுவர் திறக்க இயலாது.

இறுக்கத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவோரத்தில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். காகிதம் தடையின்றி வந்துவிட்டால் அவ்விடத்தில் ரப்பர் அமுங்கவில்லை. புதுப் பெட்டி வாங்குவோர் ஐ.பி. 55 என்னும் குறியைக் கேட்டு வாங்கலாம். முதல் எண் தூசியினின்று காப்பையும், இரண்டாவது எண் பீய்ச்சும் நீரினின்று காப்பையும் குறிக்கும். பெட்டியின் கதவைப் பெட்டியோடு தனிச் செம்புக் கம்பியால் இணைத்து மண்ணிணைப்புச் செய்திருக்க வேண்டும். துருவேறிய கீலை நம்பலாகாது.

மெயின் சுவிட்ச்

யாவற்றிலும் முக்கியமானது இதுவே. மின்சாரத்தை நிறுத்தச் சாவி தேவைப்படக்கூடாது. மீண்டும் விடச் சாவி தேவைப்பட வேண்டும். பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். சுவிட்சை அறைக்குள் வைத்து அறையைப் பூட்டிச் சாவியை ஊருக்கு எடுத்துச் செல்கிறார்கள். வயலில் அறுந்து விழுந்த கம்பியை ஒருவர் மிதித்துவிட்டால், அருகிலிருப்பவர் கதவை உடைக்க வேண்டியதாகும். ஆதலால் நிறுத்தும் பிடியேனும், சிவப்பு நிறுத்து பொத்தானேனும் தாழ்வாரத்தின் கீழ் வெளிச்சுவரில், மழை படாத பெட்டியில், சாவியின்றி எட்டும்படி இருத்தல் வேண்டும்.

கிணற்றில் இறங்கிப் பழுது பார்க்கும்பொழுது ஆபத்து வேறுவிதமாக வருகிறது. நின்ற மின்சாரம் திரும்பியவுடன் தானியங்கி ஸ்டார்ட்டர் யாரையும் கேளாமல் மோட்டாரை ஓட்டிவிடும். விவரமறியாத வேலையாள் சுவிட்சைப் போடுவதும் உண்டு. பிடியை நிறுத்திய நிலையில் பூட்டு மாட்டத் துளையுள்ள சுவிட்சுகள் கிடைக்கின்றன. வேலையில் இறங்குபவர் பூட்டை மாட்டிச் சாவியைத் தம் மடியிலேயே செருகிக்கொண்டு இறங்க வேண்டும். அவர் கரையேறித் தாமே திறக்கும் வரையில் எவரும் மின்சாரம் விட முடியாது. இச்சுவிட்சை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே பொருத்த வேண்டும்.

திறவுகோலின் பொறுப்பு

ஊராட்சியின் குடிநீர் மோட்டார் அறைகளுக்கும் இம்முறைகள் பொருந்தும். அங்கே சாவி பல கை மாறுவதால், யாரிடம் எத்தனை சாவி உள்ளது என்பதை ஒரு புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் பெறுவது கிராம அதிகாரிகளின் கடமை. சாவி காணாமற்போனால் பூட்டையே மாற்றிவிட வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரை மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றவர் என்று விலக்கியது. பொதுச் சொத்தின் சாவியை வைத்திருப்பவருக்கும் அக்கணக்குப் பொறுப்பு உண்டு.

வரும் பருவமழைக்கு முன் ஒரு நாளை ஒதுக்கிக் கொண்டி, கீல், ரப்பர்ப் பட்டை, சுவிட்சு ஆகியவற்றைச் சோதித்துச் சரிசெய்துவைத்தால் பயிரும் உயிரும் ஒருங்கே காப்பாற்றப்படும்.