எம்பி3 பிளேயரைச் சைகை இயற்றியாகப் பயன்படுத்தல்

சைகை இயற்றி என்பது, மின்சுற்றுகளைச் சோதிப்பதற்காகத் தெரிந்த அதிர்வெண்ணும் வீச்சும் கொண்ட மாறுதிசை மின்னழுத்தத்தைத் தரும் கருவி ஆகும். கேள்நெடுக்கச் சோதனைகளுக்கு, அதாவது 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, ஒரு பழைய எம்பி3 பிளேயரே இதற்குப் போதுமானது. ஆனால் அதன் எல்லைகளை அறியாமல் அளந்தால் கிடைக்கும் முடிவு தவறாகும்.

கோப்பு உருவாக்கல்

ஆடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருளில் தேவையான அதிர்வெண்ணில் சைன் அலையை உருவாக்கி, வேவ் வடிவில் சேமிக்க வேண்டும். எம்பி3 வடிவம் காதுக்குப் புலப்படாதவற்றை நீக்கிச் சுருக்குவதால் சிக்கலான அலைகளின் உருவம் மாறக்கூடும். பிளேயரின் ஈக்வலைசரை நிறுத்திவிட வேண்டும்.

இணைப்பு

3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக்கின் நுனி இடது தடம், நடு வளையம் வலது தடம், அடிப்பகுதி பொதுமுனை. இரு தடங்களிலும் வெவ்வேறு கட்டம் கொண்ட அலைகளைப் பதிந்தால், அலைகாட்டியில் லிசாஜு உருவங்களைக் காணலாம்.

எடுத்துக்காட்டு

1.6 கிலோஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரடு மின்தேக்கியும் கொண்ட தாழ்வடிப்பானின் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் மின்தேக்கியின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் உள்ளீட்டில் 0.707 மடங்காக இருக்கும். சாதாரணப் பன்மானிகள் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே துல்லியமானவை. எனவே ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் உள்ளீட்டையும் வெளியீட்டையும் அதே மானியால், அதே அளவு நெடுக்கத்தில் அளந்து விகிதம் காண்பது நல்லது.

எல்லைகள்

நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட கோப்பால் 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளைத் தர இயலாது. சதுர அலை என்பது அடிப்படை அதிர்வெண்ணும் அதன் ஒற்றைப்படை மடங்குகளும் சேர்ந்தது. ஆகவே 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையின் 30 கிலோஹெர்ட்ஸ் கூறு மறைந்து, சைன் அலையே வெளிவரும். நேர்மின்னழுத்தத்தையும் இதில் பெற முடியாது. வெளியீடு பெரும்பாலும் 1 வோல்ட் அளவு அல்லது அதற்கும் குறைவு. ஒலியளவை மிகக் கூட்டினால் அலையின் முகடுகள் வெட்டுப்படலாம்.

பாதுகாப்பு

இரு தடங்களையும் ஒன்றாக இணைக்கக் கூடாது. வெளியீட்டுடன் 1 கிலோஓம் மின்தடையைத் தொடராக இணைத்தால், தவறுதலான குறுக்குச்சுற்றில் பிளேயர் சேதமடையாது. இதனால் வெளியீடு சற்றுக் குறையும் என்பதால், உள்ளீட்டை அந்த மின்தடைக்குப் பின்னரே அளக்க வேண்டும். வீட்டு மின்சாரத்துடன் நேரடித் தொடர்புள்ள சுற்றில் இதை ஒருபோதும் இணைக்கக் கூடாது. அது பிளேயருக்கு மட்டுமன்று, அதைத் தொடும் கைக்கும் ஆபத்து.