பில்லில் பெயர் இல்லாத ஊசி

கடையநல்லூரிலிருந்து அத்தாவை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் கூட்டிப்போயிருந்தேன். டை ஏத்தித்தான் எடுக்கணும் என்றார்கள்.

“என்ன மருந்தும்மா?”

“கான்ட்ராஸ்ட்தாண்ணே.”

“அதுக்குப் பேரு?”

“அதாண்ணே பேரு.”

ஏற்றியது காடோலினியம் கலந்த மருந்து. அந்த உலோகம் தனியாக உடம்புக்குள் போனால் நஞ்சு. அதனால் ஒரு வேதிப்பொருளோடு பிணைத்து அனுப்புகிறார்கள். வேலை முடிந்ததும் சிறுநீரில் வெளியேறிவிடும். சூட்சுமம் அந்தப் பிணைப்பில் இருக்கிறது. தறி ஓடிய எங்கள் ஊருக்கு எளிதாகவே விளங்கும்: ‘லீனியர்’ வகை, இழுத்தால் நெகிழும் முடிச்சு. ‘மேக்ரோசைக்ளிக்’ வகை, உலோகத்தைச் சுற்றி வளைத்துப் பூட்டிய முடிச்சு.

சிறுநீரகம் பழுதானவர்களின் உடம்பில் மருந்து நாள்கணக்கில் தங்க, முதல் வகை முடிச்சு நெகிழ்ந்தது. தோல் கட்டை போல இறுகியது, மூட்டுகள் மடங்க மறுத்தன. காரணம் காடோலினியமாக இருக்கலாம் என்று 2006இல் ஆஸ்திரியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. பல முறை ஊசி போட்டவர்களின் மூளையில் அதன் தடம் தெரிவதாக 2014இல் ஜப்பானியர்கள் எழுதினார்கள். 2017இல் ஐரோப்பா லீனியர் மருந்துகள் சிலவற்றை நிறுத்தியது.

மூளையில் தங்குவதால் கெடுதல் என்று நிரூபணமாகவில்லை, மறைந்திருக்கும் கட்டியைக் காட்டிக்கொடுப்பதும் இதே ஊசிதான் என்பார்கள் ரேடியாலஜிஸ்டுகள். உண்மைதான். ஆனால் 1930களில் எக்ஸ்ரேக்காகத் தோரியம் கலந்த மருந்தை ஏற்றியபோதும் நல்ல மருந்து என்றுதான் சொன்னார்கள். அது ஈரலிலேயே தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்பட்டது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் 1909இல் ஒரு ஜெர்மானியர் கண்டுபிடித்த மோனசைட் மணலில் இருப்பதும் அதே தோரியம். துளி காடோலினியமும் அதில் உண்டு. நம் மண்ணுக்கு அந்நியமில்லாத உலோகங்கள். நம் நோயாளிக்குத்தான் அவற்றின் பெயர் தெரியாது.

என் கவலை அந்தப் பெயர்தான். சர்க்கரையும் பிரஷரும் இருந்தும், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் எவ்வளவு என்று தெரியாதவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அடுத்த வருடம் வேறு ஊரில் ஸ்கேன் எடுத்தால், போன முறை எந்த முடிச்சு, எத்தனை மில்லி என்று யார் சொல்வது? மெடிக்கலில் பத்து மாத்திரை வாங்கினால்கூடப் பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி என்று பில்லில் வரிசையாக இருக்கிறது.

அத்தாவின் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ‘கான்ட்ராஸ்ட் சார்ஜ்’ என்று இருந்தது, எதிரே தொகை. வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போய், அந்தக் காலிக் குப்பியை ஒருதரம் காட்டச் சொன்னேன். லேபிளைப் பார்த்து, அத்தாவின் ஃபைல் அட்டையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.