கடை இல்லாத கடை – 17: எழுத்துக்கு 25 ரூபாய்

போன வாரம் அமேசான் கமிஷனோடு நிறுத்தியிருந்தோம். அதற்கு முந்தைய வாரங்களில் வி.பி.பி., அதாவது போஸ்ட்மேனிடம் பணம் கட்டிப் பார்சலை எடுக்கும் தபால் முறை பற்றிப் பேசினோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்; சொன்னதையே சொன்னால் ஆசிரியர் வெட்டிவிடுகிறார்.

இந்த வாரத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தது, இணையத்தில் வியாபாரம் செய்ய சோஷியல் மீடியா கட்டாயமா என்பதற்குப் பதில். அடையாறு வாசகி ஒருவர் கேட்டது. வீட்டில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து விற்கிறார். வெப்சைட் இருக்கிறது, ஜி-பே இருக்கிறது, கூரியர்காரர் வாசலுக்கே வருகிறார். "ரீல்ஸ் போடலைன்னா நீ இருக்கறதே யாருக்கும் தெரியாதும்மா" என்கிறாளாம் மகள். அம்மாவுக்கோ கேமரா முன்னால் கரண்டியோடு நிற்க மனசில்லை. ரீல்ஸ் இல்லாமல் பிழைக்க முடியாதா என்று கேட்கிறார்.

நேராகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எஸ்.எஸ். வாசன் குறுக்கே வந்துவிட்டார்.

ஜெமினி வாசன்தான். ஒரு மேம்பாலத்துக்கே தன் ஸ்டுடியோவின் பெயரை விட்டுப்போனவர். 'சந்திரலேகா'வில் முரசுகளின் மேல் ஆட்களை ஆடவைத்தவர். அவர் சினிமாவுக்கும் பத்திரிகைக்கும் வருவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இந்த வாரம் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. தபால் வழி வியாபாரம்! பத்திரிகையில் விளம்பரம், ஆர்டர் வந்தால் வி.பி.பி.யில் பொருள், போஸ்ட்மேன் பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். திருத்துறைப்பூண்டியில் பிறந்து, சிறுவயதில் தகப்பனாரை இழந்து, தாயாரோடு சென்னைக்கு வந்து, பச்சையப்பன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர். பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பது அவருடைய இன்னொரு தொழில். இருபதுகளின் சென்னையில் கடையே இல்லாமல் கடை நடத்தியவர். இந்தத் தொடரின் தலைப்பை அவருக்கே எழுதிக் கொடுத்துவிடலாம்.

அந்த நாளில் ஆனந்த விகடன் என்று ஒரு மாதப் பத்திரிகை. பூதூர் வைத்தியநாதய்யர் 1926 பிப்ரவரியில் ஆரம்பித்தது. 1927 டிசம்பர் இதழ் வரவில்லை, கையில் பணமில்லை. விளம்பரத்தை நம்பிப் பிழைப்பவனுக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. ஒரு பத்திரிகை நின்றால், அதன் வாசகர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் கைவிட்டுப் போகிறார்கள். வேறொருவர் என்றால் வேறு பத்திரிகை தேடிப் போயிருப்பார். வாசன் 1928 ஜனவரியில் பத்திரிகையையே வாங்கினார். விலை பேசிய விதம்தான் அழகு: எழுத்துக்கு 25 ரூபாய். ஆ-ன-ந்-த-வி-க-ட-ன், எட்டு எழுத்து, 200 ரூபாய். மெய்யெழுத்துக்குத் தள்ளுபடி கேட்டாரா தெரியாது. நானாக இருந்தால் கேட்டிருப்பேன். பிப்ரவரியிலேயே புது உருவத்தில் இதழ் வந்துவிட்டது.

2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியது 4,400 கோடி டாலருக்கு. ட்விட்டர் என்பது தமிழில் ஐந்து எழுத்து. வாசன் கணக்கில் எழுத்துக்கு 880 கோடி டாலர். மறு வருஷமே அந்த ஐந்தையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒற்றை 'எக்ஸ்' போதும் என்றார். வாசன் எட்டையும் வைத்துக்கொண்டார்.

வாங்கிய பிறகு அவர் செய்ததும் வியாபாரி மூளைதான். குறுக்கெழுத்துப் போட்டி, பரிசுப் பணம். முப்பதுகளில் விகடன் விற்பனை அதில்தான் எகிறியது. இது சூதாட்டம் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. இன்று 'ஃபாலோ பண்ணுங்க, மூணு பேரை டேக் பண்ணுங்க, ஒருத்தருக்கு சேலை இலவசம்' என்று போடுகிறார்களே, அதன் தாத்தா இந்தக் குறுக்கெழுத்து.

ஆனால் எல்லாரும் வாசன் ஆக முடியாது. இடம் அடுத்தவனுடையது, எந்த நாளும் அது மூடப்படலாம் என்ற நிலையில்தான் நம் ஆட்கள் வியாபாரம் செய்கிறார்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் போயிற்று. டிக்டாக்கில் கூட்டம் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு முன்னறிவிப்பு கிடையாது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. எல்லாரும் அங்கே போய் முதலிலிருந்து ஆள் சேர்த்தார்கள். 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் போல முடங்கின. அன்றைக்கு இரவில் நேரலையில் சேலை விற்க இருந்தவர்கள் யாரிடம் போய் முறையிடுவது?

அப்படியானால் சோஷியல் மீடியாவே வேண்டாமா? வேண்டாம் என்று காட்ட ஒரு பெரிய உதாரணம், நம் வாசகியின் வீட்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் எம்.ஆர்.சி. நகரிலேயே இருக்கிறது. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் மேட்ரிமோனி.காம். முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்தபோது, 1997-ல், தமிழர்களுக்கென்று ஒரு வலைத்தளம் ஆரம்பித்தார். அதில் பல பகுதிகள். கூட்டம் சேர்ந்தது வரன் பகுதியில் மட்டும். கூட்டம் இருந்த இடத்திலேயே கடையைப் போட்டார். அவருக்குப் பெண் கிடைத்ததும் அதே தளத்தில்தான். சரக்கைத் தானே வாங்கிப் பார்த்த வியாபாரி! ஃபேஸ்புக் பிறந்தது 2004-ல், இன்ஸ்டாகிராம் 2010-ல். அதற்குள் இந்த நிறுவனம் காலூன்றிவிட்டது. பிற்பாடு ஊர் ஊராகக் கிளைகள் திறந்தது, தோனியை வைத்து டி.வி.யில் விளம்பரம் செய்தது.

ஆக, சோஷியல் மீடியா இல்லாமல் ஆள் வந்தது எப்படி? தேடி வந்தார்கள். தேடும் இடம் கூகுள். தலைவலியும் அங்கேதான். இவர்கள் பெயரை அடித்துத் தேடினால் பக்கத்திலேயே போட்டி நிறுவனங்களின் விளம்பரம் வரும். பெயர் எங்களுடையது, அதைக் காட்டிக் காசு பார்ப்பது நீங்களா என்று சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2010-ல் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 2012-ல் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார். 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதுவும் தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்கு. விளம்பரச் சொல் பற்றிய புகாரை ஏற்கவில்லை. 2024 மார்ச் 1 அன்று கட்டணத் தகராறில் இவர்கள் செயலியை கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. அரசு தலையிட்டு, சில நாளில் திரும்ப வந்தது. இன்ஸ்டாகிராமை நம்பாதவர்களும் இன்னொரு வாசலில் கைகட்டி நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இது. கேட்க வேண்டியது சோஷியல் மீடியா வேண்டுமா என்று அல்ல; உங்கள் சரக்கை வாங்குகிறவர் வாங்குவதற்கு முன் என்ன செய்கிறார் என்று. வரன் தேடுகிறவர் தேடித்தான் வருவார். ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே இருக்கும்போது 'அட, நாமும் ஒரு கல்யாணம் பண்ணிக்கொண்டால் என்ன' என்று யாருக்கும் தோன்றாது. ஏ.சி. ரிப்பேருக்கும், ஜோசியருக்கும், பழைய பாடப் புத்தகத்துக்கும் அப்படித்தான். சேலை நேர்மாறு. பீரோ வழிந்தாலும், கண்ணில் பட்டால் வாங்குவார்கள். தேடுவதற்கு அங்கே தேவையே இல்லை; ஆசைதான் இருக்கிறது, அதைக் கிளப்பக் காட்டியாக வேண்டும். அந்த வியாபாரத்துக்கு இன்றைய தேதியில் இன்ஸ்டாகிராமோ யூடியூபோ இல்லாமல் முடியாது என்றே நினைக்கிறேன்.

பொடி? பொடி இரண்டிலும் சேராது. பருப்புப் பொடியைத் திரையில் எத்தனை நேரம் காட்டினாலும் அது ஒரு பழுப்புக் குவியல். நாக்கில் பட்டால்தான் வியாபாரம். லஸ் சர்ச் ரோட்டில் நெடுங்காலம் இருந்த அமிர்தாஞ்சன் கம்பெனிக்கு இது நன்றாகத் தெரியும். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் ஆரம்பித்தது, 1914-ல் சென்னைக்கு வந்தது. ஆரம்ப நாட்களில் சங்கீதக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்திருக்கிறார். கூட்டம் இருக்கும், நேரம் ஆக ஆகத் தலைவலி வரும், சரக்கு கையில் இருக்கும். பாடியவர்களுக்கு இது பாராட்டா என்பதைச் சபாக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். தைலத்தில் வந்த பணத்தை 'ஆந்திர பத்திரிகா'வில் போட்டார். பாருங்கள், இவரும் கடைசியில் பத்திரிகைக்காரர்! லஸ்ஸில் அவர் பெயரில் இருக்கும் பூங்காவில் காலையில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் வாசகியின் பொடியை வாங்கக்கூடியவர்கள். 1994-லிருந்து வீட்டு வாசலில் இலவசமாக விழும் மயிலாப்பூர் டைம்ஸில் ஒரு சின்னக் கட்டம் விளம்பரம், சாம்பிள் பாக்கெட்டுகள், அடுக்குமாடிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. நான் இதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

வாட்ஸ்அப்பும் சோஷியல் மீடியாதானே என்று மடக்காதீர்கள். அங்கே உங்களிடம் இருப்பது போன் நம்பர். வாட்ஸ்அப் படுத்தால் கூப்பிட்டுப் பேசலாம். வி.பி.பி. வியாபாரியின் பலமும் அதுதான்: விலாசம் இல்லாமல் பார்சல் போகாது, அதனால் வாங்கியவர் ஒவ்வொருவரின் விலாசமும் தானாக அவரிடம் சேர்ந்துவிடும். இன்ஸ்டாகிராமில் ஆயிரக்கணக்கில் பின்தொடர்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கம்பெனி சொல்லாது. வாசகியிடம் கூரியர் சீட்டுகள் இருக்க வேண்டுமே? எறியாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பொடி தீரும் நேரம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு போன். மகளுக்கு ஆசையென்றால் ரீல்ஸ் அவள் போடட்டும். அம்மா கரண்டியோடு நிற்க வேண்டியதில்லை.

பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் போனை ஸ்டாண்டில் மாட்டி நேரலையில் சேலை விற்கும் கூத்து, ரீசெல்லர் குழுக்கள், 1928-லிருந்து தி. நகரில் இருக்கும் நல்லி மாதிரிக் கடைகள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பதெல்லாம் இந்த வாரமே வந்திருக்க வேண்டியது. வாசன் பக்கத்தைத் தின்றுவிட்டார். அடுத்த வாரம் சேலைதான், நிச்சயம்.

அதற்குள், வீட்டில் யாரிடமாவது பழைய வி.பி.பி. ரசீதோ தபால் வழி விலைப்பட்டியலோ இருந்தால் ஆசிரியர் விலாசத்துக்கு அனுப்புங்கள். சாதாரணத் தபால் போதும். வி.பி.பி.யில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். இங்கே பணம் கட்டி எடுக்க ஆளில்லை.